வீட்டுக்கு அருகிலுள்ள தொடக்கப்பள்ளி போதும்

சிங்கப்பூரில் தொடக்கநிலை ஒன்றுக்கான பதிவு ஜூலையில் தொடங்கும். ஆனால் அதற்கு இரண்டு மூன்று ஆண்டுகள் முன்பிருந்தே பெற்றோரின் வாட்ஸ்அப் குழுக்களில் இதே பேச்சுதான்: எந்தப் பள்ளி, எப்படி நுழைவது, அதற்காக வீடு மாறலாமா. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெயர்பெற்ற தொடக்கப்பள்ளிக்காக வீட்டை மாற்றுவதும், ஏழு வயதுப் பிள்ளையை விடியுமுன் எழுப்பிப் பள்ளிப் பேருந்தில் ஏற்றுவதும் பெரும்பாலான தமிழ்க் குடும்பங்களுக்கு வேண்டாத சுமை. இதைப் புரிந்துகொள்ள, பதிவுமுறை எப்படி நடக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். பலர் அதை அரைகுறையாகத் தெரிந்துகொண்டு பெரிய பெரிய முடிவுகளை எடுக்கிறார்கள்.

பதிவு கட்டம் கட்டமாக நடக்கும். அண்ணனோ அக்காவோ அதே பள்ளியில் படித்துக்கொண்டிருந்தால் முதல் கட்டம்; இடம் உறுதி. பெற்றோரோ உடன்பிறந்தவரோ முன்னாள் மாணவராக இருந்தால் 2ஏ. பள்ளியில் தொண்டூழியம் செய்த பெற்றோருக்கும், பள்ளியோடு தொடர்புள்ள தேவாலயம், குலமரபுச் சங்கம் போன்றவற்றின் ஆதரவு பெற்றவர்களுக்கும் 2பி. எந்தத் தொடர்பும் இல்லாதவர்களுக்கு 2சி. தமிழ்நாட்டிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் பெரும்பாலும் 2சியில்தான் நிற்கும். 2022 முதல் ஒவ்வொரு பள்ளியிலும் 2பிக்குக் குறைந்தது 20 இடங்களும் 2சிக்குக் குறைந்தது 40 இடங்களும் ஒதுக்கி வைக்கப்படுகின்றன. அந்த இடங்களுக்குத்தான் இவ்வளவு ஓட்டமும்.

இடத்தைவிட விண்ணப்பம் அதிகமானால் வரிசை இப்படிப் போகும்: ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கும் குடிமக்கள், ஒன்று முதல் இரண்டு கிலோமீட்டர் வரை இருப்பவர்கள், அதற்கும் அப்பால் இருப்பவர்கள். இத்தனை பேருக்கும் பிறகே நிரந்தரவாசிகள், அவர்களுக்குள்ளும் அதே தொலைவு வரிசை. எந்தப் பிரிவில் இடம் போதாமல் போகிறதோ, அங்கே குலுக்கல். பள்ளி வாசலிலேயே குடியிருக்கும் நிரந்தரவாசிப் பிள்ளைகூட, தீவின் மறுகோடியில் இருக்கும் குடிமகனின் பிள்ளைக்குப் பின்னால்தான். குடியுரிமை இல்லாமல், பிரபலமான பள்ளிக்குப் பக்கத்தில் கூடுதல் வாடகை கொடுத்துக் குடியேறுகிறவர்களைப் பார்க்கும்போது மனம் கஷ்டப்படுகிறது. அந்தப் பணத்துக்குப் பலன் கிடைக்க வாய்ப்பே குறைவு.

தொலைவை நடைபாதைக் கணக்கில் அளக்காதீர்கள். பள்ளி நிலத்தின் எல்லையில் எந்தப் புள்ளி உங்கள் கட்டடத்துக்கு அருகில் இருக்கிறதோ, அங்கிருந்து அளக்கிறார்கள். ஒன்மேப் என்ற அரசு வரைபடத் தளத்தின் பள்ளித் தேடலில் அஞ்சல் குறியீட்டைப் போட்டால் விடை தெரிந்துவிடும். தொலைவு முன்னுரிமையில் இடம் வாங்கினால், பதிவு தொடங்கிய நாளிலிருந்து குறைந்தது 30 மாதம் பிள்ளை அதே முகவரியில் வசிக்க வேண்டும். முகவரியை மட்டும் காட்டிவிட்டு வேறெங்கோ இருந்தால், பிள்ளையை வேறு பள்ளிக்கு மாற்றக் கல்வி அமைச்சுக்கு அதிகாரம் உண்டு. தொண்டூழியமும் அப்படித்தான். குறைந்தது 40 மணி நேரம் செய்தாலும் 2பியில் பதியும் தகுதி மட்டுமே கிடைக்கும், இடத்துக்கு உத்தரவாதம் இல்லை. அங்கேயும் குலுக்கல் வரலாம்.

முந்தைய ஆண்டுகளின் எண்ணிக்கையைக் கல்வி அமைச்சு வெளியிடுகிறது. அதைப் படிப்பதில்தான் பெரிய தவறு நடக்கிறது. ஒரு பள்ளியில் 2சி கட்டத்தில் 60 இடம், 120 விண்ணப்பம் என்று வைத்துக்கொள்வோம். பாதிக்குப் பாதி வாய்ப்பு என்று தோன்றும். ஆனால் ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கும் குடிமக்கள் மட்டும் 80 பேர் என்றால், அவர்களுக்கு நான்கில் மூன்று பங்கு வாய்ப்பு. ஒன்றரைக் கிலோமீட்டரில் இருப்பவருக்கு ஒன்றுமே இல்லை. ஆகவே எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள் என்பதைவிட, குலுக்கல் எந்தத் தொலைவுக்குள் நடந்தது என்பதைத்தான் பார்க்க வேண்டும். முதல் நாளே பதிவு செய்தால் முன்னுரிமை கிடைக்கும் என்பதும் வெறும் நம்பிக்கை. கட்டம் முடியும்வரை யாருக்கும் இடம் ஒதுக்குவதில்லை.

குலுக்கலில் தோற்றால் என்ன ஆகும்? இதைத்தான் யாரும் யோசிப்பதில்லை. 2சியில் இடம் கிடைக்காதவர்களுக்கான 2சி துணைக்கட்டம் தொடங்கும்போது, உங்கள் வீட்டுக்கு எதிரே இருக்கும் சாதாரணப் பள்ளியும் நிரம்பியிருக்கக்கூடும். 2சியிலேயே கேட்டிருந்தால் சுலபமாகக் கிடைத்திருக்கும் இடம் அது. அங்கேயும் கிடைக்காவிட்டால், காலியிடம் உள்ள ஏதாவது ஒரு பள்ளிக்கு அமைச்சு அனுப்பும். பெயர்பெற்ற பள்ளியை எட்டிப் பிடிக்கப் போய், அக்கம்பக்கப் பள்ளியையும் கைவிட்டு, தினமும் இரண்டு பேருந்து மாறுகிற நிலைக்கு ஒரு குடும்பம் வருவது இப்படித்தான்.

நமக்கென்று இன்னொரு விஷயம் இருக்கிறது. பெற்றோர் முட்டிமோதும் பள்ளிகளில் கணிசமானவை சிறப்பு உதவித் திட்டப் பள்ளிகள். நான்யாங், தாவ் நான், ரெட் சுவஸ்திகா உள்ளிட்ட 15 தொடக்கப்பள்ளிகள் அந்த வகை. அங்கே தாய்மொழிப் பாடம் சீனம் மட்டுமே. தமிழ் படிக்க வேண்டிய பிள்ளைக்கு அந்தக் கதவு தொடக்கத்திலேயே மூடியிருக்கிறது. அதனால் "சிறந்த பள்ளிகள்" என்று சுற்றிவரும் பட்டியல்கள் நமக்காகத் தயாரிக்கப்பட்டவை அல்ல. மற்ற பள்ளிகளைப் பார்க்கும்போதும், அமைச்சின் ஸ்கூல்ஃபைண்டர் தளத்தில் தாய்மொழிப் பகுதியை முதலில் திறந்து தமிழ் இருக்கிறதா என்று பாருங்கள். பெற்றோர் வந்து பார்ப்பதற்காகப் பள்ளியைத் திறந்துவிடும் நாளில் போனால், தொடக்கநிலை ஒன்றில் எத்தனை பேர் தமிழ் எடுக்கிறார்கள், உயர்தமிழ் உண்டா, தமிழாசிரியர் எத்தனை பேர் என்று வெட்கப்படாமல் கேளுங்கள். தமிழ் வகுப்பில் நான்கைந்து பேர் மட்டும் இருந்தால் ஆசிரியரின் கவனம் கிடைக்கும், உண்மைதான். ஆனால் இடைவேளையில் தமிழில் பேசுவதற்கு ஆள் இருக்காது. வீட்டுக்கு வெளியே தமிழ் கேட்காத பிள்ளை, தொடக்கநிலை மூன்றுக்குள் அம்மாவுக்கும் ஆங்கிலத்தில் பதில் சொல்லத் தொடங்கிவிடும். எனக்கு இது தேர்வுப் புள்ளியைவிடப் பெரிய விஷயம்.

பெயர்பெற்ற பள்ளியால் நன்மையே இல்லையா என்றால், ஒன்று இருக்கிறது: இணைப்பு. சில தொடக்கப்பள்ளிகளுக்கு இணைப்புள்ள உயர்நிலைப்பள்ளி உண்டு. அந்தப் பிள்ளைகள் சற்றுப் பின்தங்கிய மதிப்பெண்ணிலும் அங்கே சேர முடியும். ஆனால் அந்தப் பள்ளியை முதல் விருப்பமாகப் போட்டால்தான் சலுகை செல்லும். 2019 முதல் அத்தகைய பள்ளிகள் 20 விழுக்காடு இடங்களை இணைப்பில்லாத மாணவர்களுக்கு ஒதுக்க வேண்டும். பெயர் ஒத்துப்போவதாலேயே இணைப்பு இருப்பதாகவும் எண்ணக்கூடாது. ராஃபிள்ஸ் பெண்கள் தொடக்கப்பள்ளிக்கும் ராஃபிள்ஸ் பெண்கள் உயர்நிலைப்பள்ளிக்கும் அந்தச் சலுகை இல்லை.

மற்றபடி வேறுபாடு நாம் நினைக்கும் அளவுக்கு இல்லை. ஆசிரியர்களை நியமித்துப் பயிற்சி கொடுப்பது அமைச்சும் தேசியக் கல்விக் கழகமும். முதல்வர்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வெவ்வேறு பள்ளிகளுக்கு மாற்றப்படுகிறார்கள். நீங்கள் வியந்து பார்க்கும் முதல்வர் அடுத்த ஆண்டு உங்கள் புளோக்குக்குக் கீழே இருக்கும் பள்ளிக்கே வரலாம். தொடக்கநிலை ஒன்றிலும் இரண்டிலும் வகுப்புக்கு 30 பேர் என்பது எங்கும் பொது. ஆங்கிலத்தில் பின்தங்கிய பிள்ளைகளுக்கான கற்றல் ஆதரவுத் திட்டம் எல்லாத் தொடக்கப்பள்ளிகளிலும் உண்டு. குடிமக்களுக்கு மாதக் கட்டணமும் 13 வெள்ளியைத் தாண்டாது. 2021 முதல், தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இயின் மதிப்பெண், நான்கு பாடங்களின் அடைவுநிலைகளைக் (ஏஎல்) கூட்டிவரும் 4 முதல் 32 வரையிலான தொகை; குறைந்தால் நல்லது. ஒரு பாடத்தில் 90க்கு மேல் எவ்வளவு எடுத்தாலும் மிகச் சிறந்த நிலையான ஏஎல்1 தான். ஒற்றை மதிப்பெண்ணுக்காகப் பிள்ளைகளைப் பிழியும் பள்ளிக்கு முன்பிருந்த அனுகூலம் இப்போது இல்லை.

பொருளியலாளர்கள் ஜோஷுவா ஆங்ரிஸ்ட், பராக் பாதக் உள்ளிட்டோர் 2014இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, பாஸ்டன், நியூயார்க் நகரங்களின் நுழைவுத்தேர்வுப் பள்ளிகளை எடுத்துக்கொண்டது. மயிரிழையில் இடம் கிடைத்தவர்களையும் மயிரிழையில் தவறவிட்டவர்களையும் ஒப்பிட்டார்கள். பின்னாளில் இரு தரப்பின் தேர்வு மதிப்பெண்ணிலும் பெரிய வேறுபாடு தெரியவில்லை. அது வேறு நாடு, வயதில் மூத்த மாணவர்கள். ஆனாலும் ஒரு பள்ளியின் நல்ல முடிவுகளுக்குப் பள்ளி காரணமா, அங்கே வந்து சேரும் பிள்ளைகள் காரணமா என்ற கேள்வியை நாமும் கேட்டாக வேண்டும்.

பிள்ளைக்கு இன்னும் நான்கு வயதுதான் என்றால், கல்வி அமைச்சின் பாலர் பள்ளிகளைப் பாருங்கள். தொடக்கப்பள்ளி வளாகத்திலேயே இயங்கும் பாலர் பள்ளியில் படிக்கும் பிள்ளை, அதே தொடக்கப்பள்ளிக்கு 2ஏ கட்டத்திலேயே பதியலாம். அங்கே தமிழும் கற்பிக்கிறார்கள். வீடு மாறும் செலவோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ மேல், ஆனாலும் பலருக்குத் தெரிவதில்லை.

இருவரும் வேலைக்குப் போகும் குடும்பங்கள் கடைசியாக ஒன்றைக் கவனியுங்கள். பள்ளி ஏழரைக்குத் தொடங்கி மதியம் ஒன்றரை வாக்கில் முடிந்துவிடும். அதன் பிறகு மாலை வரை பிள்ளை இருக்கப்போவது பள்ளியின் மாணவர் பராமரிப்பு நிலையத்தில். அங்கே இடம் அளவானது, பள்ளியில் இடம் கிடைத்ததும் அதுவும் தானாகக் கிடைத்துவிடாது. பள்ளி முடிவானதும் அன்றைக்கே பராமரிப்பு நிலையத்தை அழைத்து, காத்திருப்புப் பட்டியல் எவ்வளவு நீளம் என்று கேட்டுப் பெயரைக் கொடுத்துவிடுங்கள்.