நல்லாத்தான் எரியுது, அதான் மனுவை முடிச்சிட்டாங்க

மனு முடிக்கப்பட்டதாம். குறுஞ்செய்தி வந்திருக்கு. "கள ஆய்வில் மேற்படி பகுதியில் தெருவிளக்குகள் நல்ல முறையில் எரிவது கண்டறியப்பட்டது."

யோவ், நான் எழுதிக் கொடுத்ததே அது எரியுதுன்னுதான்யா!

பகல் பன்னிரண்டு மணிக்கு, மண்டையைப் பொளக்கிற வெயில்ல, சூரியனுக்குத் துணையா எங்க தெருவுல லைட்டு எரியுது. அதுக்கு நான் சொன்ன யோசனை ஒரே வரி. சுவிட்ச் பாக்ஸுக்குள்ள ஒரு டைமர் மாட்டுங்க, சாயங்காலம் தானா போடும், காலையில தானா அணைக்கும். பாலம் கட்டச் சொல்லல, மெட்ரோ ரயில் கேக்கல. நாலு ஸ்க்ரூ, ரெண்டு வயர்.

மனு நாள்ல டோக்கன் வாங்கி வரிசையில நின்னு கொடுத்தேன். கம்ப்யூட்டர்ல பதியற பொண்ணு தலைப்பு தேடுச்சு. 'தெருவிளக்கு எரியவில்லை' இருக்கு. 'புதிய தெருவிளக்கு வேண்டி' இருக்கு. 'யோசனை'ன்னு ஒண்ணு இல்லவே இல்ல. "சார், எரியவில்லைன்னே போட்டுக்கிறேன், உள்ள படிச்சுப் பாத்துக்குவாங்க"ன்னுச்சு. எவன் படிச்சான்?

அப்புறம் ஆபீஸ்லருந்து வந்துச்சு பாருங்க ஒரு போன்.

"சார், லைட்டு எரியலைன்னு மனு போட்டிருந்தீங்கல்ல?"

"எரியலைன்னு போடலைங்க. எரியுதுன்னு போட்டேன்."

"எரியுதா? அப்ப பிரச்சினை இல்லையே சார்."

"பகல்ல எரியுதுங்க."

"ராத்திரி?"

"ராத்திரியும் எரியுது."

"அப்ப ரெண்டு நேரமும் எரியுது."

"ஆமா."

"நல்லதுதானே சார்?"

இதுக்கு என்ன பதில் சொல்றது, நீங்களே சொல்லுங்க. பல்லைக் கடிச்சுக்கிட்டு டைமரைப் பத்தி முதல்லருந்து விளக்கினேன். முழுசாக் கேட்டார், பாவம். கேட்டுட்டு, "ஆளை அனுப்பிப் பாக்கச் சொல்றேன் சார்"ன்னார். ஆள் வந்தார். எப்ப வந்தார்? ராத்திரி ஏழு மணிக்கு! தெருவிளக்கை ராத்திரியிலதானே பாக்க முடியும், அவர் நியாயம் அவருக்கு. கம்பத்துக்குக் கீழ நின்னு, அண்ணாந்து பாத்து, ஜிபிஎஸ் கேமரால ரெண்டு போட்டோ எடுத்தார். நான் லுங்கியை மடிச்சுக் கட்டிக்கிட்டு ஓடினேன். "அண்ணே, காலையில வந்து பாருங்கண்ணே." "காலையில எரியுமா?" "எரியும்ணே, அதான் பிரச்சினை." என்னை ஒரு மாதிரி பாத்துட்டு வண்டியை எடுத்துட்டார். அந்த போட்டோ மேல போச்சு. பளிச்சுன்னு எரியற லைட்டு. 'தீர்வு காணப்பட்டது.'

கணக்கு சொல்றேன், கேளுங்க. எங்க ஊராட்சியில ஒரு நாப்பது லைட்டு, ஒவ்வொண்ணும் 20 வாட்ஸ் எல்இடின்னு வச்சுக்குவோம். பகல் 12 மணி நேரத்துக்கு 9.6 யூனிட். ரெண்டு மாசத்துக்கு 576 யூனிட். பகலுக்கு மட்டும்! இதே ரெண்டு மாசத்துல எங்க வீட்டு மீட்டர் 500-ஐத் தாண்டிடக் கூடாதுன்னு எங்க அம்மா படுத்தற பாடு இருக்கே, ஆள் எந்திரிச்ச மறு நொடி ஃபேனை அணைக்கிறாங்க. 501 ஆயிட்டா மொத்தக் கணக்கும் வேற ரேட்டுக்குத் தாவிடும்னு தமிழ்நாட்டுல எல்லா அம்மாவுக்கும் தெரியும். ஊராட்சிக்கு மட்டும் தெரியாது. அந்த பில்லும் நம்ம வீட்டு வரியிலயும் நம்ம பேர்ல வர்ற மானியத்துலயும்தான் கட்டறாங்க. குண்டு பல்பு, டியூப் லைட்டு எல்லாம் கழட்டி எல்இடி போட்டு மிச்சம் பிடிச்ச கரண்ட்டைப் பகல்ல எரிச்சு நேர் பண்ணியாச்சு. தமிழ்நாட்டுல 12,000-க்கு மேல ஊராட்சி இருக்கு. எல்லா ஊர்லயும் இப்படின்னு சொல்லல. ஆனா பஸ்ல போறப்ப ஜன்னல் பக்கம் உக்காந்து பாருங்க, அவ்வளவுதான்.

இதுல ஊராட்சித் தண்ணித் தொட்டியைப் பாத்துக்கிற ஆபரேட்டர் அண்ணனைத் திட்டாதீங்க. மோட்டார் போடணும், தொட்டி கழுவணும், குளோரின் கலக்கணும், குழாய் உடைஞ்சா ஓடணும், அந்தச் சம்பளத்துக்கு விடியக்காலையில வந்து லைட்டையும் அணைக்கணும்னா அவருக்கு என்ன நாலு கையா? அதனாலதானேய்யா டைமர் கேட்டேன்!

கிராம சபையில சொல்லலாமேன்னு கேப்பீங்க. சொல்லாம இருப்பேனா? ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1, வருஷத்துக்கு ஆறு சபை. மைக் பிடிச்சுச் சொன்னேன், கைதட்டுகூட விழுந்துச்சு. தீர்மான நோட்டைப் புரட்டினா, 'தெருவிளக்குப் பராமரிப்பு குறித்து விவாதிக்கப்பட்டது.' அட, விவாதம் வேற நடந்திருக்கு. தலைவர்கிட்ட போகலாம்னா, 2025 ஜனவரியோட அவர் பதவிக்காலம் முடிஞ்சு ஊராட்சி தனி அலுவலர் கைக்குப் போயிடுச்சு. அந்த அலுவலருக்கு எத்தனை ஊரோ, அவர் எந்த ஊர்ல இருந்தாரோ.

1909-ல வங்காளத்துல ஓகில் சந்திர சென்னு ஒரு மனுஷன். பலாப்பழம் தின்னு வயிறு உப்பி, அகமதுபூர் ஸ்டேஷன்ல ஒதுங்கப் போன நேரத்துல கார்டு விசிலை ஊதிட்டார். ஒரு கையில சொம்பு, இன்னொரு கையில வேட்டின்னு ஓடி விழுந்து, ரயிலையும் விட்டுட்டு, கோபத்துல ரயில்வே ஆபீஸுக்குக் கடுதாசி போட்டார். தப்பும் தவறுமான இங்கிலீஷ்தான். அந்தக் கடுதாசிக்கு அப்புறம்தான் சாதாரண பெட்டியில கக்கூஸ் வந்துச்சுன்னு சொல்வாங்க. டெல்லி ரயில் மியூசியத்துல அதைக் காட்சிக்கே வச்சிருக்காங்க. இன்னிக்கு அவர் எழுதியிருந்தா என்ன பதில் வந்திருக்கும்? "கள ஆய்வில் மேற்படி ரயில் குறித்த நேரத்தில் புறப்பட்டது கண்டறியப்பட்டது. மனு முடிக்கப்பட்டது."

பட்ஜெட்டுக்கு முன்னாடி வருஷா வருஷம் மக்களே யோசனை சொல்லுங்கன்னு கூப்பிடறாங்களே, அதைப் பாத்தா இப்பல்லாம் எனக்குச் சிரிப்புதான் வருது. எழுதிப் போடுவோம். நிதி அமைச்சகம் ராத்திரி ஏழு மணிக்கு ஆளை அனுப்பி நாடு நல்ல முறையில் எரியுதான்னு பாத்துட்டுப் போகட்டும்.

சரி, விடறதா இல்ல. தகவல் உரிமைச் சட்டத்துல கேட்டுடுவோம், பகல்ல எரிஞ்ச கரண்ட்டுக்கு எவ்வளவு பில் கட்டுனீங்கன்னு. பத்து ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினாப் போதும். கடைக்குப் போய் பத்து ரூபாய் காசை நீட்டினேன். "இது ஓடாது சார்"ங்கிறார் கடைக்காரர். ஏன்யா ஓடாது? அதுவரைக்கும் விட்ட 14 டிசைனும் செல்லும்னு ரிசர்வ் வங்கி 2018-லயே சொல்லியாச்சு. "அவங்க சொல்வாங்க சார், பெட்டிக்கடையில வாங்க மாட்டேங்கறான்." பெட்டிக்கடையில கேட்டா மளிகைக்கடையில வாங்கலையாம். மளிகைக்கடையில கேட்டா பஸ்ல வாங்கலையாம். அரசாங்கமே அடிச்ச காசுய்யா இது! வீட்டுல டப்பா நிறைய கிடக்கு, எவனும் தொட மாட்டேங்கறான். இதுக்கு எந்தத் தலைப்புல மனு போடறது?

யார்கிட்டயாவது பத்து ரூபாய் நோட்டு இருந்தா சொல்லுங்கப்பா, பதினஞ்சு ரூபாய்க்குக்கூட எடுத்துக்கிறேன்.