ஒரே மூச்சில் 60 நிமிடம் தேவையில்லை

'பிள்ளைகள் தொடர்ந்து ஒரு மணி நேரம் ஓடியாடினால்தான் கணக்கு, வீட்டுக்குள் ஐந்து பத்து நிமிடம் குதிப்பது சேராது என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது' என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். ஒரு சிறு திருத்தம்.

60 நிமிடம் சரிதான். 'தொடர்ந்து' என்பதுதான் அதில் இல்லை. 2020 வழிகாட்டுதல் 5 முதல் 17 வயதினருக்குச் சொல்வது, வாரம் முழுக்கப் பார்த்தால் நாளுக்குச் சராசரியாகக் குறைந்தது 60 நிமிடம். 2010 வழிகாட்டுதலோ, நாளில் பல தடவையாகப் பிரித்துச் சேர்க்கலாம் என்றே விளக்கியது. ஒரு தடவைக்குப் பத்து நிமிடமாவது வேண்டும் என்ற நிபந்தனை அப்போது பெரியவர்களுக்குத்தான். 2020-ல் அதையும் எடுத்துவிட்டார்கள். குழப்பம் அங்கிருந்து வந்திருக்கலாம்.

சந்தேகம் இருந்தால் அந்த நிறுவனத்தின் தளத்தில் 2020 ஆவணம் இலவசமாகவே கிடைக்கிறது, குழந்தைகள் பகுதியை மட்டும் படித்தால் போதும்.

அப்புறம், பள்ளி விட்டு வந்ததும் மொட்டை மாடியில் கொஞ்சம் ஸ்கிப்பிங், சாப்பாட்டுக்கு முன் கூடத்தில் பாண்டி, எல்லாமே சேரும். மூச்சு வாங்க வேண்டும், அவ்வளவுதான்: பேச முடிந்து, பாட முடியாமல் போனால் அது மிதமான உழைப்பு. பிள்ளையை நடுவில் நிறுத்தி ஒரு வரி பாடச் சொல்லிப் பாருங்கள்.