புல்மன் நகரம்: கூலி கொடுத்த கையே வாடகையும் வாங்கியது

அமெரிக்காவின் 1894 புல்மன் வேலைநிறுத்தம் என்றதும் ராணுவம் வந்ததையும் ரயில்வே தொழிற்சங்கத் தலைவர் யூஜின் டெப்ஸ் சிறை போனதையும்தான் பேசுகிறோம். கூலிக் காசோலையிலிருந்து தொடங்கினால்தான் விஷயம் புரியும்.

ரயில் படுக்கைப் பெட்டிகள் செய்த ஜார்ஜ் புல்மன், 1880-ல் சிகாகோவுக்குத் தெற்கே தொழிலாளிகளுக்கென ஓர் ஊரையே கட்டத் தொடங்கினார். செங்கல் வீடு, குழாய்த் தண்ணீர், எரிவாயு, பூங்கா. அன்றைய சிகாகோவின் நெரிசல் குடியிருப்புகளைவிட நல்ல வீடுகள்தான். ஆனால் எதையும் தொழிலாளி சொந்தமாக வாங்க முடியாது. போட்ட பணத்துக்கு 6 சதவீதம் வர வேண்டும் என்று கணக்குப் போட்டே கட்டினார்கள். வாடகை அக்கம்பக்கத்தைவிட 20 முதல் 25 சதவீதம் அதிகம்.

1893 பொருளாதார நெருக்கடியில் பெட்டி ஆர்டர்கள் வற்றின. கூலியைச் சராசரியாகக் கால்வாசி வெட்டினார்கள். வாடகையில் கை வைக்கவில்லை. சம்பள நாளில் இரண்டு காசோலைகள் வரும்: ஒன்று வாடகைக்கு, இன்னொன்று மிச்சத்துக்கு. மூன்று நான்கு சென்ட் மட்டும் மிஞ்சி, பிள்ளைகுட்டிக்காரர்கள் அங்கேயே அழுததாக அரசு விசாரணைக் குழுவிடம் சாட்சியம் இருக்கிறது.

நஷ்டத்துக்கு ஆர்டர் எடுத்து வேலை கொடுத்தோம் என்றது கம்பெனி. பெட்டி கட்டும் பிரிவைப் பொறுத்தவரை அதில் உண்மை உண்டு. ஆனால் ஏற்கெனவே ரயில்களில் ஓடிக்கொண்டிருந்த புல்மன் பெட்டிகளின் வருமானம் தனி. 1894 ஜூலையோடு முடிந்த ஆண்டில் மொத்தக் கூலி 72 லட்சம் டாலரிலிருந்து 45 லட்சத்துக்கு இறங்கியது. பங்குதாரர்களுக்குப் போனதோ 25.2 லட்சத்திலிருந்து 28.8 லட்சமாக ஏறியது. லாபம் என்றால் ஒரே கம்பெனி, நஷ்டம் என்றால் தனிப் பிரிவு. இந்தக் கணக்கைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

மே 11-ல் வேலைநிறுத்தம் தொடங்கியது. ஜூன் 26 முதல் டெப்ஸின் அமெரிக்க ரயில்வே சங்கம் புல்மன் பெட்டி கோத்த ரயிலைத் தொட மறுத்தது. மறுத்தவரை ரயில்வே நிர்வாகம் நீக்கும். உடனே கூட இருந்தவர்களும் இறங்கிவிடுவார்கள். சங்கத்தின் பலமே அதுதான். தபால் ரயில்களிலும் புல்மன் பெட்டி கோக்கப்பட்டதால், அரசுத் தபாலைத் தடுத்த குற்றமாக அது மாறியது. முதலாளிகளின் ஏகபோகத்தை அடக்க 1890-ல் வந்த ஷெர்மன் சட்டத்தைக் காட்டியே சங்கத்துக்கு எதிராக மத்திய அரசு நீதிமன்றத் தடை வாங்கியது. இலினாய் ஆளுநர் ஆல்ட்கெல்ட் எதிர்த்தும் அதிபர் கிளீவ்லாந்து ராணுவத்தை அனுப்பினார்.

சங்கத்தின் தவறையும் சொல்ல வேண்டும். கறுப்பினத்தவரைச் சேர்ப்பதில்லை என்று அதே ஜூனில் வாக்களித்தார்கள். புல்மன் பெட்டிகளில் பயணிகளுக்குப் பணி செய்தவர்களே கறுப்பினத்தவர்தான். அவர்களை வெளியே நிறுத்திவிட்டுப் போராடியது பெரும்பிழை.

போராட்டம் தோற்றது. வேலைக்குத் திரும்பியவர்கள், சங்கத்தில் சேர மாட்டோம் என்று எழுதிக்கொடுக்க வேண்டியிருந்தது. 1898-ல் இலினாய் உச்ச நீதிமன்றம், ரயில் பெட்டி செய்யப் பெற்ற உரிமத்தை வைத்து ஊர் நடத்த முடியாது, வீடுகளை விற்றுவிட வேண்டும் என்றது. புல்மன் அதற்கு முந்தைய ஆண்டே இறந்திருந்தார்.