தண்ணீரைத் தன்னீர் ஆக்கிய சாய்வு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எழுத்துப்பிழை என்னுடையது இல்லை. மூன்று முறை சரிபார்த்து, வாட்ஸ்அப்பில் தட்டச்சு செய்து, "அப்படியே காப்பி பண்ணிப் போடுங்க தம்பி, எதையும் மாத்தாதீங்க" என்று சொல்லித்தான் பேனர் கடைக்கு அனுப்பினேன். தைப்பூசத்துக்கு இரண்டு நாள் முன்னால் 20 அடி பேனர் வந்தது. பினாங்கு ஜாலான் உத்தாமாவில் பந்தல் முகப்பில் கட்டிவிட்டு இறங்கி வந்தால், சாலைக்கு எதிர்ப்பக்கம் நின்ற ஒரு பாட்டி கேட்கிறார்: "ஏம்பா, தன்னீர்னு போட்டிருக்கீங்க, தமிழ்ப்பள்ளியில படிச்சவங்க யாரும் இல்லையா?"

நானும் சாலையைக் கடந்து போய்ப் பார்த்தேன். தன்னீர்ப் பந்தல். கீழ்வரியில் தன்னீர்மலை முருகனுக்கு அரோகரா. கிட்டே வந்தால் மூன்று சுழி ண, பத்தடி தள்ளினால் இரண்டு சுழி ன. மானம் போச்சு.

நடந்தது என்னவென்றால், மலாய், ஆங்கிலம், தமிழ் மூன்று வரியையும் ஒன்றாகத் தேர்ந்தெடுத்து அந்தத் தம்பி எழுத்தைச் சாய்க்கிற ஆங்கில 'ஐ' (I) பட்டனை அழுத்தியிருக்கிறான். அப்புறம் தடித்த எழுத்து, அதற்கு மேல் கறுப்பு பார்டர். கேட்டால் "ஸ்டைல்லா அண்ணே" என்கிறான். மலாய்க்கும் ஆங்கிலத்துக்கும் ஒன்றும் ஆகவில்லை, ஏனென்றால் அந்த எழுத்துருவில் சாய்வெழுத்து என்று தனியாக ஒரு கோப்பு இருக்கிறது, ஒரு மனிதர் உட்கார்ந்து ஒவ்வொரு எழுத்தாக வரைந்தது. தமிழ் எழுத்துரு பெரும்பாலும் அப்படி வருவதில்லை. இல்லாததைக் கேட்டால் கம்ப்யூட்டர் என்ன செய்யும்? நேராக நிற்கிற எழுத்தைத் தலையைப் பிடித்து வலப்பக்கம் தள்ளும், அவ்வளவுதான். வலைப்பக்கங்களுக்கான சிஎஸ்எஸ் விதியில் இந்தத் தள்ளலுக்கு 14 டிகிரி என்று கணக்கே வைத்திருக்கிறார்கள். நம்ம தம்பி அது போதாதென்று கையாலும் கொஞ்சம் இழுத்துவிட்டிருப்பான் போல.

வட்டத்தை இப்படித் தள்ளிப் பாருங்கள். மேலே வலப்பக்கமும் கீழே இடப்பக்கமும் கோடு தடிக்கும், மற்ற இரண்டு மூலையிலும் மெலியும். ஆங்கில 'ஓ'வுக்கே இது அசிங்கம், அதனால்தான் நல்ல வடிவமைப்பாளர்கள் சாய்த்த பிறகு ஒவ்வொரு வளைவையும் திரும்பத் திருத்துகிறார்கள். நம் எழுத்தோ சுழியால் ஆனது. ண, ன, ஞ, ஐ, எல்லாமே சுழி. ஒரு சுழி அடைத்துக்கொண்டால் அது வேறு எழுத்து, வேறு சொல், சாலை ஓரத்தில் ஒரு பாட்டியிடம் திட்டு.

சரி, சாய்வெழுத்து எங்கிருந்து வந்தது? 1501இல் வெனிஸில் ஆல்டஸ் மனூஷியஸ் என்ற பதிப்பாளர், ஃப்ரான்செஸ்கோ க்ரிஃபோ வெட்டிக்கொடுத்த அச்சில் முழுப் புத்தகத்தையே அதில் போட்டார். அன்றைய இத்தாலியர்களின் வேகமான கையெழுத்துதான் அது. சாய்வு என்பது அந்தக் கை ஓடிய ஓட்டம், நிமிர்ந்த எழுத்தைத் தள்ளிவிட்டது இல்லை. பிற்காலத்தில் வந்த சான்ஸ் செரிஃபில், அதாவது ஓரக்கொடுக்கு இல்லாத மொட்டை எழுத்தில், பலர் வெறும் சாய்வோடு நிறுத்திக்கொண்டார்கள் என்பது உண்மைதான், ஹெல்வெட்டிக்கா என்ற எழுத்துரு அப்படித்தான். ஆனால் எரிக் கில் என்ற வடிவமைப்பாளர், 1928இல் வெளிவந்த தன் கில் சான்ஸ் எழுத்துருவின் சாய்வில், ஆங்கிலச் சின்ன 'ஏ'வையே (a) இரண்டு அடுக்கிலிருந்து ஒரே அடுக்காக (ɑ) மாற்றி வரைந்தார். அதற்குப் பெயர் வேலை. பட்டன் அழுத்துவதற்குப் பெயர் வேலை இல்லை.

இன்னொரு கேள்வி. தமிழுக்கு அது எதற்கு? ஆங்கிலத்தில் புத்தகப் பெயர், உயிரினங்களின் லத்தீன் பெயர், ஒரு சொல்லுக்கு அழுத்தம் என்று சாய்வுக்கு உருப்படியான வேலை உண்டு. நமக்கு அழுத்தம் வேண்டுமென்றால் 'தான்' இருக்கிறது, ஏகாரம் இருக்கிறது. "முருகனே வந்தான்" என்றால் அழுத்தம் வந்தாயிற்று, முருகனைச் சாய்க்க வேண்டியதில்லை. சாய்வே கூடாது என்று சொல்லவில்லை. கையால் பெயர்ப்பலகை எழுதுகிற பெயிண்டர் சாய்த்துத்தான் எழுதுவார், ஆனால் சுழிக்குள் இடம் விட்டு எழுதுவார், அவருக்குக் கண் இருக்கிறது.

எனக்கு இதில்தான் அதிகம் எரிகிறது. கணினியில் தமிழ் என்று பேச்சு வந்தாலே முதலில் வருகிற பெயர்களில் ஒன்று நம் மலேசிய நாட்டு முத்து நெடுமாறன். 1985இலேயே கணினியில் தமிழ் எழுத முரசு மென்பொருளைக் கொண்டுவந்தவர், ஆப்பிள் கணினியில் வரும் இணைமதி எழுத்துரு அவர் வரைந்தது. அப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு, தமிழ் படிக்கத் தெரிந்த பையனே "எல்லா வரியும் ஒரே மாதிரி சாய்ஞ்சிருந்தாதான் அழகு" என்கிறான்.

மறுபடி அடிக்க நேரமில்லை, இன்னொரு தடவை காசு கொடுக்கத் தலைவரும் தயாரில்லை. பேனரின் சிவப்பு நிறத்திலேயே ஸ்டிக்கர் வாங்கி, சின்னச் சின்னதாக வெட்டி, ராத்திரி பதினொரு மணிக்கு ஏணியில் ஏறி ஒவ்வொரு ண-வின் சுழியையும் திறந்துகொண்டிருந்தேன். கீழே டார்ச் பிடித்த மச்சான் கத்துகிறான்: "நேரா ஒட்டாதீங்க மாமா, கொஞ்சம் சாய்ச்சு ஒட்டுங்க, இல்லாட்டி மேட்ச் ஆகல!"