கால்புள்ளிக்குக் கூலி கேட்டவர்கள்

நான் முதன்முதலில் வேலைக்குச் சேர்ந்த இடத்தில் கதவுப் பக்கம் ஒரு நோட்டு தொங்கும். பாத்ரூம் போனால் போன நேரம், திரும்பி வந்த நேரம் இரண்டையும் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பேனாவைச் சணலில் கட்டி வைத்திருப்பார்கள். கூட வேலை பார்த்த அக்கா ஒருவர் ஒருநாள் சூப்பர்வைசரிடம், "இதை எடுத்துடுங்க சார், ஒரு மாதிரியா இருக்கு" என்றார். "சம்பளம் சரியா வருதுல்ல? இதெல்லாம் ஒரு பிரச்சினையாம்மா?" என்று அவர் சிரித்தார். நாங்களும் சேர்ந்து சிரித்தோம்.

மே தினம் வந்தால் எல்லாரும் சிகாகோவை எழுதுகிறோம். 1886, எட்டு மணி நேர வேலை, ஹேமார்க்கெட்டில் குண்டு, மறுவருஷம் நான்கு பேருக்குத் தூக்கு. எழுத வேண்டியதுதான். ஆனால் பெரிய போராட்டங்கள் பலவும், கேட்டவர்கள் "இதுக்குப் போயா?" என்று சிரிக்கிற மாதிரியான விஷயத்தில்தான் கிளம்பியிருக்கின்றன. அதை நாம் பேசுவதே இல்லை.

லண்டனின் கிழக்குப் பகுதியில் பிரையன்ட் அண்ட் மே தீப்பெட்டித் தொழிற்சாலை. 1888. வேலை பார்த்ததில் பெரும்பாலோர் பெண்கள், அதிலும் சின்னப் பெண்கள். பேசினால் அபராதம், கால் அழுக்காக இருந்தால் அபராதம். குச்சி முனையில் வைப்பது வெள்ளை பாஸ்பரஸ். அது பல் வழியாக ஏறித் தாடை எலும்பையே அரித்துவிடும். அந்தக் கையோடு, அந்த இடத்திலேயே உட்கார்ந்து சாப்பாடு. இதைப் பற்றி அன்னி பெசன்ட் ஒரு கட்டுரை எழுதினார். அதில் இருப்பதெல்லாம் பொய் என்று கையெழுத்துப் போடச் சொல்லி நிர்வாகம் தாளை நீட்டியது. பெண்கள் மறுத்தார்கள். ஒருத்திக்கு வேலை போனது. அவ்வளவுதான், சுமார் 1,400 பேர் வெளியே வந்துவிட்டார்கள். பெசன்ட் நடத்திய போராட்டம் என்று நாம் சுலபமாக எழுதிவிடுகிறோம். உண்மையில் வெளியே வந்த பிறகுதான் அந்தப் பெண்கள் அவரைத் தேடிப் போனார்கள்.

இரண்டு வாரத்தில் நிர்வாகம் இறங்கி வந்தது. அபராதம் ரத்து. கூடவே, சாப்பிடத் தனி அறை. எனக்கு இந்த இரண்டாவதுதான் பெரிதாகப் படுகிறது. விஷம் படாத இடத்தில் உட்கார்ந்து சாப்பிட ஒரு அறை வேண்டும் என்பதற்கே ஸ்டிரைக் பண்ண வேண்டியிருந்திருக்கிறது.

முப்பது வருஷம் கழித்து, 1918. சென்னை பெரம்பூரில் பின்னி கம்பெனியின் பக்கிங்காம், கர்னாடிக் மில்கள். அங்கேயும் முதல் குறைகளில் ஒன்று சாப்பாடுதான். மதிய இடைவேளை அரை மணி நேரம். ஆயிரக்கணக்கான பேர் கேட்டைத் தாண்டிப் போய், கை கழுவி, சாப்பிட்டு, சங்கு ஊதுவதற்குள் உள்ளே வந்துவிட வேண்டும். செல்வபதி செட்டியார், ராமானுஜுலு நாயுடு என்று இரண்டு பேர் இந்தக் குறையைச் சொல்ல ஒரு பத்திரிகை ஆபீஸின் படியேறினார்கள். அது 'நியூ இந்தியா'. நடத்தியவர் யார் தெரியுமா? அதே அன்னி பெசன்ட். அங்கே இவர்கள் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டவர் பி.பி. வாடியா. அந்த ஏப்ரல் 27ஆம் தேதி சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. திரு.வி.க.வும் உள்ளே வந்தார். இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கங்களில் ஒன்று என்று இன்றைக்குப் பாடப்புத்தகத்தில் வருகிறதே, அதுதான்.

அப்புறம் நடந்ததை அதிகம் சொல்வதில்லை. தொழிலாளியைத் தூண்டிவிட்டு ஒப்பந்தத்தை மீறவைத்தார் என்று வாடியா மீது கம்பெனி வழக்குப் போட்டது. ஹைகோர்ட் தடை விதித்தது. கடைசியில் அவர் சங்கத்தை விட்டே விலக வேண்டியதாயிற்று. சங்கம் நடத்துவதற்கே சட்டப் பாதுகாப்பு இல்லை என்பது அந்த வழக்கில்தான் நாட்டுக்கு உறைத்தது. 1926இல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. ஆனால் அதற்கு முன்பே, 1921இல் அந்த மில்லில் நடந்த ஸ்டிரைக்கில் சங்கம் தோற்றது சாதியால். ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் பலர் வேலைக்குத் திரும்ப, மற்றவர்களோடு மோதல், புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன, போலீஸ் சுட்டது. வேலைக்குத் திரும்பியவர்களைக் கருங்காலி என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். சங்கம் அவர்களை வீட்டு வாசலுக்குள் விட்டதா என்று யாரும் கேட்பதில்லை.

சரி, கால்புள்ளிக்கு வருகிறேன். 1905 செப்டம்பர், மாஸ்கோவில் ஸீத்தின் அச்சகம். அச்சுக் கோர்ப்பவர்களுக்கு ஆயிரம் எழுத்துக்கு இவ்வளவு என்று கூலி. கால்புள்ளி, முற்றுப்புள்ளி எல்லாம் கணக்கில் வராது. ஆனால் அதுவும் மற்ற எழுத்து மாதிரியே ஈயத்தில் வார்த்த அச்சுதான். அதையும் கட்டத்துக்குள் விரலை விட்டுத் தேடி எடுத்துத்தான் கோர்க்க வேண்டும். வேலை நேரத்தைக் குறைக்கக் கேட்டபோது, கூடவே இதற்கும் கூலி கேட்டார்கள். முதலாளி என்ன முகத்தோடு அதைக் கேட்டிருப்பார் என்று எனக்குப் பார்க்க ஆசை. மற்ற அச்சகங்கள் சேர்ந்தன. பிறகு ரயில்வே. அடுத்த மாதம் நாடே நின்றது. ஜார் மன்னர் பாராளுமன்றம் தருகிறேன் என்று அறிக்கை விட வேண்டி வந்தது. கால்புள்ளியால் மட்டும் நடந்ததில்லை இது. ஜப்பானோடு நடந்த போரில் தோல்வி, ஜனவரியில் மக்கள் மீது நடந்த துப்பாக்கிச் சூடு எல்லாம் பின்னால் குவிந்து கிடந்தன. ஆனாலும் தீக்குச்சி கிழித்தது அந்த அச்சகத்தில்தான்.

எல்லாம் ஜெயித்த கதை இல்லை. லண்டனில் கிரன்விக் என்ற ஃபிலிம் கழுவும் நிறுவனம், 1976. கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்து குடியேறிய குஜராத்திப் பெண்கள் நிறைய. கழிப்பறை போகக் கை தூக்கி அனுமதி கேட்க வேண்டும். கிளம்பும் நேரத்தில் ஓவர்டைம் பார் என்பார்கள். ஜெயாபென் தேசாய் ஒருநாள் எழுந்து வெளியே நடந்தார். சேலையோடு, குளிரில், மழையில், கிட்டத்தட்ட இரண்டு வருஷம் வாசலில் நின்றார்கள். தபால் ஊழியர்கள் கம்பெனியின் தபாலைத் தொட மறுத்தார்கள். சுரங்கத் தொழிலாளர்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்து கூட நின்றார்கள். கடைசியில் தொழிற்சங்கத் தலைமை பின்வாங்கியபோது, தங்கள் பக்கம் நிற்க வேண்டிய அந்தத் தொழிற்சங்கத் தலைமை அலுவலக வாசலிலேயே ஜெயாபென் உண்ணாவிரதம் இருந்தார். 1978இல் தோற்றார்கள். ஒருத்தருக்கும் வேலை திரும்பக் கிடைக்கவில்லை.

இதெல்லாம் பழங்கதை என்று நினைக்க வேண்டாம். கோழிக்கோட்டில் ஜவுளிக்கடைப் பெண்களைத் திரட்டிய விஜி என்ற தையல்காரர் முதலில் கேட்டது கழிப்பறை. அப்புறம் கேட்டது நாற்காலி. நாள் முழுக்க நின்றே விற்க வேண்டும், ஆள் இல்லாத நேரத்திலும் உட்காரக் கூடாது. உட்காரும் உரிமைக்குக் கேரளா 2018இல் சட்டம் போட்டது, தமிழ்நாடு 2021இல். இந்திய அரசியல் சட்டம் வந்து கிட்டத்தட்ட எழுபது வருஷத்துக்குப் பிறகு, உட்கார.

அந்த அக்கா அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்ச நாளில் வேலையை விட்டுப் போய்விட்டார். நோட்டு தீர்ந்ததும் புது நோட்டு வந்தது. பழைய பேனாவையே அவிழ்த்து அதில் கட்டினார்கள்.