எண்ணி முடிக்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை

டார்வின் கோர், லேட்டிமர் கோர் இரண்டும் உயிரின மாதிரிகள், அருங்காட்சியகத் தொகுப்புகள் பற்றிய தகவலை எல்லாரும் ஒரே முறையில் எழுதுவதற்கான தரநிலைகள். தம்பி ஒருவர், ‘டார்வின் கோர் 2009இலேயே வந்துவிட்டது, லேட்டிமர் கோர் அதையே பெயர் மாற்றித் தருகிறது, மாதிரிகளை ஒவ்வொன்றாகப் பதியாமல் தொகுப்பை விவரிக்கவே முடியாது’ என்று எழுதியிருக்கிறார். ஆண்டு சரி. மற்ற இரண்டும் பிழை.

டார்வின் கோர் பெரும்பாலும் தனித்தனிப் பதிவுக்கானது: இந்த மீன், இந்த இடம், இந்தத் தேதி. லேட்டிமர் கோரின் அலகு பொருள்களின் தொகுதி. ஒரு லாச்சியோ முழு அலுமாரியோ ஒரே விவரிப்பில் அடங்கும்.

கல்லடிப் பக்கம் ஒரு பாடசாலை ஆய்வுகூடத்தில் அப்படி ஒரு அலுமாரி பார்த்தேன். மட்டக்களப்பு வாவி மீன்கள், போமலின் போத்தல்களில். பாதி லேபிள்களில் மை கரைந்து ‘வாவி’ மட்டும் மிச்சம். அதில் டார்வின் கோர் பதிவுக்கு என்ன எழுதுவது? ஆனால் ‘மீன்கள், போமலினில் பேணப்பட்டவை, சுமார் 40 போத்தல், பெரும்பாலும் வாவியில் பிடித்தவை, பட்டியலிடப்படவில்லை’ என்று இன்றைக்கே எழுதலாம். ஆய்வாளர் தேடி வர அது போதும். தனிப்பதிவு அப்புறம் நடக்கட்டும். ஒன்று மற்றதற்குப் பதிலல்ல.

பெயரும் டார்வினின் நிழல் அல்ல. 1938இல் தென்னாபிரிக்காவில் மீனவர் பிடித்த சீலகாந்த்தை வினோதமான மீன் என்று கண்டுகொண்ட அருங்காட்சியகப் பொறுப்பாளர் மார்ஜரி கோர்ட்னி-லேட்டிமரின் பெயர் அது.