கோணேசர் கடலுக்கடியில் கிடப்பதை அளக்க யாரைக் கேட்கப் போகிறோம்?

திருகோணமலைக் கோணேச்சரம் சிவன் கோயிலைக் காப்பாற்ற யுனெஸ்கோ வரவேண்டும் என்று வருடத்துக்கு ஒரு முறையாவது முகநூலில் ஓர் அலை எழும். கையெழுத்து வேட்டை நடக்கும், ஹாஷ்டாக் ஓடும், ஒரு கிழமையில் எல்லாம் அடங்கிவிடும். அந்தக் கையெழுத்துகளில் என்னுடையதும் உண்டு, இனியும் போடுவேன். ஆனால் யாரிடம் கேட்கிறோம், என்ன கேட்கிறோம், எந்த வழியால் கேட்கிறோம் என்பதைத் திருமலைக்காரர் நாங்கள் இன்னும் உட்கார்ந்து பேசவில்லை. அதற்காகத்தான் இந்த நீண்ட பதிவு. பொறுமையாக வாசியுங்கள்.

யுனெஸ்கோவுக்கு நாங்கள் நேரே கடிதம் எழுதி ஓர் இடத்தை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்க்க முடியாது. 1972 ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி அரசுதான் பெயர் கொடுக்கவேண்டும். இலங்கை 1980 இல் அதில் இணைந்தது. அஸ்வான் அணையில் மூழ்கவிருந்த அபு சிம்பெல் கோயிலை 1960களில் வெட்டியெடுத்து மேட்டில் வைத்தார்களே, அதற்கு உலகமே பணம் கொடுத்தது உண்மைதான். ஆனால் முதலில் எகிப்து அரசு கேட்டது, அதற்குப் பிறகுதான் யுனெஸ்கோ அசைந்தது.

இலங்கையில் உலக மரபுரிமை இடங்கள் எட்டு. வடக்கிலும் கிழக்கிலும் ஒன்றுகூட இல்லை. பட்டியலுக்குப் போக முதற்படி உத்தேசப் பட்டியல். அதில் எங்கள் மாவட்டத்தின் சேருவில விகாரையை 2006 இலும், அங்கிருந்து சிவனொளிபாதமலைக்குப் போகும் பழைய யாத்திரைப் பாதையை 2010 இலும் அரசு சேர்த்தது. அவை தகுதியான இடங்கள்தான், அதில் எனக்கு எந்த மனத்தாங்கலும் இல்லை. ஏழாம் நூற்றாண்டில் சம்பந்தர் பாடிய கோணமாமலைக்கு ஏன் அந்த வரிசையில் இடம் இல்லை என்பதுதான் கேள்வி. இதைப் பாரிஸில் இருக்கும் யுனெஸ்கோவிடம் கேட்டுப் பயனில்லை. கொழும்பில், பாராளுமன்றத்தில், எங்கள் வாக்கில் போனவர்கள் எழுந்து நின்று கேட்கவேண்டும்.

சரி, அந்தக் கதவு திறக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருப்பதா? இல்லை. வேறு கதவுகள் இருக்கின்றன, எங்கள் அயலவர்கள் அவற்றைத் தட்டியிருக்கிறார்கள். யாழ்ப்பாணக் கோட்டையின் புனரமைப்புக்கு நெதர்லாந்து பணம் கொடுத்தது. திருக்கேதீச்சரத் திருப்பணிக்கு இந்திய அரசு 32 கோடி இலங்கை ரூபாய்க்கு மேல் கொடுத்தது. மாமல்லபுரத்துச் சிற்பிகள் வந்து வேலை செய்தார்கள், 2022 இல் குடமுழுக்கும் நடந்தது. மட்டக்களப்புக் கோட்டைக்கு அமெரிக்கத் தூதரின் பண்பாட்டுப் பாதுகாப்பு நிதி கிடைத்தது. இவற்றில் ஒன்றுக்கும் உலக மரபுரிமைப் பட்டம் தேவைப்படவில்லை. அரசின் அனுமதி தேவை, தொல்பொருள் திணைக்களத்தின் ஒத்துழைப்பு தேவை. அவற்றோடு, இன்ன இடத்தில் இன்ன வேலை, இவ்வளவு செலவு என்று எழுதிய திட்டமும் தேவை. எங்களிடம் இல்லாதது அந்தக் கடைசிப் பொருள்தான்.

என்னைக் கேட்டால் முதல் திட்டம் கடலுக்குள் இருக்கவேண்டும். 1622 இல் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்தபோது கற்களில் ஒரு பகுதி கோட்டை கட்டப் போனது, ஒரு பகுதி கடலுக்குள் விழுந்தது. 1956 இல் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவருடைய தோழர் மைக் வில்சனும் கோயில் நிற்கும் சுவாமி மலைக்குக் கீழே சுழியோடி, செதுக்கிய கற்களையும் தூண்களையும் கண்டார்கள். வில்சன் கண்டெடுத்த இலிங்கம் கோயிலுக்கு வந்து சேர்ந்தது. அந்தக் கதையை இங்கே சின்னப் பிள்ளையும் சொல்லும். அந்தக் கற்கள் எங்கெங்கே, எந்த ஆழத்தில், என்ன நிலையில் கிடக்கின்றன என்று காட்டும் ஒரு வரைபடத்தை மட்டும் நான் இன்றுவரை கண்ணால் காணவில்லை.

காலியைப் பாருங்கள். 1659 இல் காலித் துறைமுகத்தில் மூழ்கிய அவொன்ட்ஸ்டர் என்ற ஒல்லாந்துக் கப்பலை ஆராய நெதர்லாந்து உதவியது. அந்த வேலையோடுதான் நம் நாட்டில் கடல்சார் தொல்லியல் பிரிவே வளர்ந்தது. இலங்கைப் பிள்ளைகள் நீருக்கடியில் அளக்கவும் வரையவும் பயிற்சி பெற்றார்கள். ஆகவே திறமை நாட்டிலேயே இருக்கிறது. ஒரு கப்பலுக்குச் செய்ததை ஒரு கோயிலுக்குச் செய்யுங்கள் என்று கேட்பது நியாயமான கேள்வி. அதை மறுப்பதற்கு யாருக்கும் எளிதில் காரணம் கிடைக்காது. எதையும் வெளியே தூக்கத் தேவையில்லை, கிடக்கிற இடத்திலேயே அளந்து, படம் பிடித்து, பதிந்தால் போதும்.

இரண்டாவது திட்டம் பிரட்ரிக் கோட்டை வாசலில். கோயிலுக்குப் போகிறவர்கள் எல்லோரும் அந்த வாசலால்தான் போகிறோம். வாசற்கல்லில் இரண்டு மீன் செதுக்கியிருக்கிறது, பக்கத்தில் உடைந்துபோன தமிழ் வரிகள். "முன்னே குளக்கோட்டன் மூட்டு திருப்பணியைப் பின்னே பறங்கி பிரிக்கவே" என்று நாங்கள் பாடமாக்கிய பாட்டின் துண்டு அது. காவலுக்கு ஆள் நிற்கும், வாகனம் வரிசையில் நகரும், உள்ளே மான் பார்க்கும் அவசரத்தில் பிள்ளைகள் ஓடும். நான் நின்று பார்த்த நேரங்களில் அந்தக் கல்லின் பக்கம் திரும்பியவர்கள் மிகக் குறைவு. பாதிக் கல்லை வெறுங்கண்ணால் வாசிக்கவே முடியாது, விரலால் தடவினால்தான் எழுத்து பிடிபடும். வாகனப் புகையும் உப்புக் காற்றும் நாள் முழுக்கப் படுகிற இடம். அந்தக் கோட்டைக்குள்தான் 1223 ஆம் ஆண்டைச் சேர்ந்த சோடகங்கன் என்பவனைப் பற்றிய, கிரந்த எழுத்தில் வெட்டிய சாசனத் (கல்வெட்டு) துண்டும் கிடைத்தது. இப்படியான கற்களை முப்பரிமாணத்தில் படமெடுத்து வைக்க இன்று பெரிய பணம் வேண்டாம். நல்ல கமராவும் பயிற்சியும் அனுமதியும் போதும். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றிடம் உதவி கேட்க இதைவிடத் தெளிவான வேலை இல்லை.

இனிச் சொல்வது சிலருக்குக் கசக்கும். கேட்கும்போது கோணேசருக்கு மட்டும் கேட்காதீர்கள். பெரியகுளத்து வெல்கம் விகாரைக்கும் சேர்த்துக் கேளுங்கள். சோழர் காலத்தில் அது இராசராசப் பெரும்பள்ளி. அங்கே நந்தாவிளக்கு எரிக்கப் பசுக்களைத் தானம் கொடுத்தவர்கள் தமிழில்தான் கல்லில் எழுதிவைத்தார்கள். தமிழர் பௌத்தராக இருந்த இடம் அது, எங்கள் ஆட்கள் நாதனார் கோயில் என்று சொல்லிவந்த இடம். நிலாவெளிச் சாசனம் கோணேசருக்கு 250 வேலி நிலம் கொடுத்ததைச் சொல்கிறது, வெல்கம் சாசனங்கள் புத்தருக்குக் கொடுத்ததைச் சொல்கின்றன. இரண்டும் எங்கள் மொழி. ஒன்றைக் கொண்டாடி மற்றதை விட்டுவிட்டால், பழைய விகாரை எல்லாம் சிங்களவருடையது என்ற வாதத்தை நாங்களே எழுதிக் கொடுத்தவர்கள் ஆவோம்.

இந்த வாதம் வெறும் பேச்சோடு நிற்பதில்லை. 2020 இல் கிழக்கு மாகாணத் தொல்பொருள் மரபுரிமைக்கென ஜனாதிபதி செயலணி அமைத்தபோது தொடக்கத்தில் அதில் தமிழரோ முஸ்லிமோ ஒருவர்கூட இருக்கவில்லை. மூன்று சமூகமும் வாழும் மாகாணத்துக்கு இது பெரிய அநியாயம். கன்னியா வெந்நீர்க் கிணறுகளருகே பிள்ளையார் கோயில் இருந்த இடத்துக்காக 2019 இல் நீதிமன்றம் போய் இடைக்காலத் தடை வாங்கவேண்டியிருந்தது. அந்த ஏழு கிணறுகளுக்கும் அந்தியேட்டிக்கு, அதாவது இறந்தவருக்கான கிரியைக்குப் போகிற சனத்துக்கு அது காட்சிப்பொருள் இல்லை, பெற்றோரைக் கரைசேர்க்கிற இடம். இதையும் வெளியுலகத்துக்குச் சொல்லத்தான் வேண்டும். ஐ.நா. மனித உரிமைப் பேரவைக்குப் பண்பாட்டு உரிமைகளுக்கென்றே தனியாக விசேட அறிக்கையாளர் இருக்கிறார், அவருக்குத் தனியாட்களும் எழுதலாம். அது முறைப்பாட்டுக்கான கதவு. பணத்துக்கும் நிபுணருக்குமான கதவு வேறு. இரண்டையும் ஒரே மனுவில் போட்டுக் குழப்புவதால்தான் எங்கள் கடிதங்கள் எங்கேயும் போய்ச்சேராமல் கிடக்கின்றன.

பட்டியலில் பேர் வந்துவிட்டால் பாதுகாப்பு வந்துவிடும் என்றும் நம்பிவிடாதீர்கள். கம்போடிய எல்லையில் இருக்கும் பிரியா விகார் சிவன் கோயில் 2008 இல் உலக மரபுரிமை ஆனது. அதே ஆண்டிலிருந்து 2011 வரை அந்தக் கோயிலைச் சுற்றியே தாய்லாந்தும் கம்போடியாவும் சுட்டுக்கொண்டன.

ஆகவே நான் கேட்பது இவ்வளவுதான். வரலாற்றறிஞர்கள் இந்திரபாலாவும் குணசிங்கமும் பத்மநாதனும் எங்கள் சாசனங்களை வாசித்து அச்சில் தந்தார்கள். அவர்கள் வாசித்த கற்களில் எவை இப்போதும் இடத்தில் இருக்கின்றன என்று ஊர் ஊராகப் போய்ப் பார்க்கவேண்டும். நிலாவெளி, திரியாய், தம்பலகாமம், மூதூர், வெருகல் என்று அந்தந்த ஊர்ப் பிள்ளைகளே பார்க்கலாம். படம் எடுங்கள், இடத்தையும் திகதியையும் எழுதுங்கள், கல்லில் சோக்கட்டி பூசாதீர்கள், தண்ணீர் ஊற்றித் தேய்க்காதீர்கள். வீட்டு அல்பங்களில் கோணேசர் கோயிலின் 1963 குடமுழுக்குப் படங்களோ பழைய கன்னியாப் படங்களோ இருந்தால் ஸ்கான் செய்து அனுப்புங்கள், மூலப்படம் உங்களிடமே இருக்கட்டும். புலம்பெயர்ந்த உறவுகளே, கோபுரத்துக்குக் கொடுக்கிற காசில் ஒரு பங்கை, கடல்சார் தொல்லியல் படிக்க விரும்பும் ஒரு திருமலைப் பிள்ளையின் படிப்புக்குக் கொடுங்கள், அது பையனோ பெண்ணோ, தமிழோ முஸ்லிமோ சிங்களமோ. நீருக்கடி அளவைத் திட்டத்தின் முதல் வரைவை எழுத நான் உட்காரத் தயார். அளவைத் துறையிலோ சுழியோடுவதிலோ அனுபவம் உள்ளவர்கள் உட்பெட்டிக்கு வாருங்கள்.